கையைக் காத்த பூந்தைலம்

வாசனைத் தைலம் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கல்யாண வீடு நினைவுக்கு வரும். புதுச் சட்டையில் பூசும் அத்தர் நினைவுக்கு வரும். மணப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டா?

உண்டு என்று சொன்னவர் ரெனே மாரிஸ் காட்டிபோசே. பிரான்சு தேசத்து ரசாயன நிபுணர். பூவிலிருந்து இறக்கும் தைலம் மருந்தும் ஆகும் என்று சொன்னார். அதற்கு அவருடைய கைகளே சாட்சியாக இருந்தன!

வாசனை வியாபாரி மகன்

காட்டிபோசே 1881-ம் ஆண்டு பிறந்தார். ஊர், பட்டுத் துணிக்குப் பெயர் போன லியோன் நகரம். தகப்பனார் லூயி, வாசனைத் திரவியத் தொழில் நடத்தி வந்தார். மகனும் அதே தொழிலில் இறங்கினார். எந்தப் பூவில் என்ன சத்து இருக்கிறது, எதை எதோடு கலந்தால் என்ன மணம் வரும் என்று ஆராய்வதே அவருடைய வேலை.

அவர் மனதைக் கவர்ந்த பூ லாவெண்டர்.

இது நம் ஊர்ப் பூ அல்ல. ஆனால் நமக்கு உறவு உள்ள பூ. துளசியும் இதுவும் ஒரே குடும்பம். துளசியைப் போலவே கதிர் கதிராகப் பூக்கும். நிறம் ஊதா. பிரான்சின் தெற்கே, புரோவான்சு மலைச் சரிவுகளில் விளைகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலையே ஊதாப் பட்டு உடுத்தியது போல இருக்கும்.

அறுத்த பூவைப் பெரிய செப்புப் பாத்திரத்தில் அடைப்பார்கள். அதன் வழியே நீராவியைச் செலுத்துவார்கள். ஆவி, பூவில் உள்ள தைலத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். அதைக் குளிர வைத்தால் நீர் கீழே தங்கும்; தைலம் மேலே மிதக்கும். ஒரு கிலோ தைலம் வேண்டுமானால் நூறு கிலோவுக்கு மேல் பூ வேண்டும்!

அந்த மலையில் வாழ்ந்தவர்கள் ஏழைக் குடியானவர்கள். காட்டிலே தானாக முளைத்த லாவெண்டரைப் பறித்து விற்று வந்தார்கள். அதை வயலில் பயிரிடவும், நல்ல முறையில் தைலம் இறக்கவும் காட்டிபோசே அவர்களுக்கு உதவினார்.

உடலில் தீ!

1910-ம் ஆண்டு ஜூலை மாதம். அவருக்கு முப்பது வயது கூட நிறையவில்லை. பரிசோதனைச் சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

திடீரென்று வெடி விபத்து! எரியும் திரவம் அவர் மீது தெறித்தது. தீப்பற்றிய உடலோடு வெளியே ஓடினார். புல்தரையில் விழுந்து புரண்டார். தீ அணைந்தது. உயிர் தப்பியது.

ஆனால் ஆபத்து தீரவில்லை. இரண்டு கைகளிலும் புண். அந்தப் புண்ணில் வாயு அழுகல் என்னும் கொடிய நோய் கண்டது. மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமியால் வருவது இது. சதைக்குள்ளே வாயு உண்டாகும். சதை அழுகும். வேகமாகப் பரவும். கையை வெட்டி எடுக்க நேரிடலாம், உயிரும் போகலாம். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ம் ஆண்டில்தான். அன்று அந்த மருந்து ஏது?

காட்டிபோசே, லாவெண்டர் தைலத்தால் புண்ணைக் கழுவினார். சதையில் வாயு உண்டாவது நின்றது. உடல் குப்பென்று வியர்த்தது. மறுநாளே புண் ஆறத் தொடங்கியது. இதை அவரே பிற்காலத்தில் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார்.

கட்டுக்கதை

இந்தச் சம்பவத்தைப் பின்னால் வந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். கை சுட்டதும் பக்கத்தில் இருந்த தைலத் தொட்டியில் தற்செயலாகக் கையை விட்டாராம். வலி உடனே பறந்துவிட்டதாம்! நடந்தது அதுவல்ல. தைலத்தின் குணம் தெரிந்த நிபுணர், தெரிந்தே செய்த சிகிச்சை அது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பூந்தைலங்கள் பயன்பட வேண்டும் என்று அவர் பாடுபட்டார். தைலம் சேர்த்துக் கிருமியைக் கொல்லும் சோப்பு ஒன்றும் தயாரித்தார். வைத்தியர்களோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1937-ம் ஆண்டு அரோமாதெரபி என்ற நூலை வெளியிட்டார். வாசனைச் சிகிச்சை என்பது அந்தச் சொல்லின் பொருள். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அந்தப் பெயர், அவர் சூட்டியதுதான்.

1950-ம் ஆண்டு, மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரில் அவர் காலமானார்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

லாவெண்டர் தைலத்தின் மணம் பலருக்கு மனப் படபடப்பைக் குறைக்கிறது, தூக்கம் வர உதவுகிறது என்று சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். உடம்பில் தடவுவதானால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து தடவலாம். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட வேண்டும். கண்ணில் படக் கூடாது. குடிக்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

காட்டிபோசே பிழைத்தார் என்பதற்காகத் தீப்புண்ணில் தைலத்தை ஊற்றிவிடாதீர்கள். சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும். புண் பெரிதானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு அழுகலுக்கு இன்று அறுவைச் சிகிச்சையும் நல்ல மருந்துகளும் இருக்கின்றன.

அவருக்கு அன்று அந்த மருந்துகள் இல்லை. கையில் இருந்தது பூந்தைலம் ஒன்றுதான். அதன் குணத்தை முன்பே படித்து அறிந்திருந்தார். அந்த அறிவுதான் ஆபத்தில் கைகொடுத்தது.