கைவினைக்கு வாழ்வு தேடிய கமலாதேவி

பாலிடெக்னிக்கில் சேரும்போது விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன். அப்பா நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்பவர். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பட்டறை என்று எழுத வெட்கம். அந்த வெட்கத்தைப் போக்கியது ஓர் அம்மையாரின் வாழ்க்கை.

கமலாதேவி சட்டோபாத்யாய 1903-இல் மங்களூரில் பிறந்தார். சின்ன வயசிலேயே கல்யாணம், சீக்கிரமே விதவையானார். அதோடு முடங்காமல் சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார், மறுமணமும் செய்துகொண்டார். 1926-இல் சென்னை சட்டசபைத் தேர்தலில் நின்று மிகச் சில வாக்குகளில் தோற்றார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார்.

சுதந்திரம் வந்ததும் அவர் பதவி தேடவில்லை. பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த அகதிகளுக்காக 1948-இல் இந்தியக் கூட்டுறவு யூனியனைத் தொடங்கினார். 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராகி, பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார்.

அவர் கண்டது இதுதான். கைவினைஞனிடம் திறமை உண்டு. மூலப்பொருள் வாங்கக் காசில்லை, விற்க இடமில்லை. ரெண்டுக்கும் நடுவில் வியாபாரி நிற்கிறார். எங்க வீட்டுக் கதையும் அதேதான். பித்தளையை முதலாளி கொடுப்பார். அப்பாவுக்கு எடைக்குத்தான் கூலி. விளக்கு டவுனில் என்ன விலைக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கூட்டுறவு, அரசு விற்பனை நிலையம், வடிவமைப்பு மையம், ஏற்றுமதி என்று கமலாதேவி பாடுபட்டார். பெரிய ஆலையும் வேண்டாம், ஊரைவிட்டுப் போகவும் வேண்டாம். வீட்டுத் திண்ணையிலேயே வேலை தரும் தொழில் இது என்பதை உணர்ந்தவர் அவர். 1964-இல் உலகக் கைவினைக் கவுன்சில் உருவாக முன்நின்றார். 1965-இல் தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது தொடங்கியது. 1966-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1988-இல் மறைந்தார். அவர் வளர்த்த வாரியமும் 2020-இல் கலைக்கப்பட்டது. முடிச்சு இன்னும் முழுசா அவிழவில்லை.

பவுண்டரி வகுப்பில் மணலை இடித்து மோல்டு எடுத்தபோது எனக்கு முதல் தடவையே சரியாக வந்தது. ஐ.டி.ஐ.யிலோ புத்தகத்திலோ கற்றதல்ல. சின்னப் பிள்ளையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. அவருக்குத் தெரிந்ததைத்தான் நான் பரீட்சைக்குப் படிக்கிறேன்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் ஊர்ப் பட்டறைகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு அமைக்க ஆசை. நடக்குமோ நடக்காதோ, அடுத்த விண்ணப்பத்தில் கூலி என்று மட்டும் எழுத மாட்டேன். விளக்கு வார்ப்புக் கலைஞர் என்று எழுதுவேன்.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்