டிப்ளமோ படித்த கால்பந்து வாத்தியார்

கோச் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சாணார்பட்டிப் பொட்டலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்த எனக்கோ சையத் அப்துல் ரஹீம்தான்!

1909-இல் பிறந்த ஹைதராபாத்காரர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அப்புறம் உடற்கல்வியில் டிப்ளமோ. ஆமாம், நம்மைப் போல டிப்ளமோதான்! அந்த வாத்தியார்தான் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைத் தயார் செய்தார். 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷமும் ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கே.

இந்திய அணிக்கும் அவரே கோச். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை! நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாச்சு. வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். ரஹீம் பயிற்சியை மாற்றினார். பந்தை உருட்டிக்கொண்டே ஓடக்கூடாது, பழக்கமில்லாத காலால்தான் உதைக்கணும் என்றெல்லாம் விதி போட்டுப் போட்டிகள் நடத்தினார். விளையாடிப் பாருங்கள், வலது கால்காரன் பாடு திண்டாட்டம்தான்!

பலன் 1956 மெல்போர்னில் தெரிந்தது. நெவில் டிசௌசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியா 4-2 என்று காலி. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான். கடைசியில் நான்காம் இடம். அந்த அணியில் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராமும் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் 1962 ஜகார்த்தாதான் அவர் உச்சம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தராததை ஒரு இந்திய அதிகாரி கண்டித்ததால், ஊர் ஜனமே நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? தையல் போட்ட தலையோடு ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்! அரையிறுதியில் தென்வியட்நாம் 3-2 என்று வீழ்ந்தது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் அதே தென்கொரியா. பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம்!

ஒன்பதே மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று, புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 2024-இல் 'மைதான்' என்று இந்திப் படம்கூட வந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பிறகு தங்கம் வாங்கவே இல்லை.