சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்ட டாக்டர் ஆண்டர்சன்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் சிப்காட் வேலைக்கு ஆட்கள் போய்விட்ட பிறகு, மேட்டு நிலத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்காத விவசாயி இல்லை. டிராகன் பழம் வையுங்கள் என்கிறார் ஒருவர், செம்மரம் என்கிறார் இன்னொருவர். டிராகன் பழம் கள்ளி இனத்தைச் சேர்ந்தது, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கள்ளியைப் பணப்பயிராக நம் மண்ணில் நட்டுப் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பே சைதாப்பேட்டையில் அதற்கென்று ஒரு தோட்டம் இருந்தது. அதைப் போட்டவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே 1738-ல் பிறந்தவர் அவர். மருத்துவம் படித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்து, 1786-ல் அதன் தலைமை மருத்துவரானார். ஆனால் அவர் மனம் முழுக்கச் செடி கொடிகளில்தான். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். அங்குள்ள ஆண்டர்சன் சாலை அவர் பெயரைத்தான் சொல்கிறது.

அன்று ஐரோப்பாவில் கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் உயர்ந்த சிவப்புச் சாயம் கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வந்தது. சப்பாத்திக்கள்ளியின் மடலில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி அது. அதைச் சுரண்டி எடுத்துக் கொன்று காயவைத்தால் சாயப்பொருள். ஒரு பவுண்டுக்கு 70,000 பூச்சிகள் வரை வேண்டும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் இந்த வியாபாரத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கு அடுத்தபடி மெக்சிகோவிலிருந்து அவர்களுக்கு அதிகப் பணம் தந்த சரக்கு இதுதான்.

1786-ல் சென்னைக் கடலோரப் புல்லில் அதே மாதிரி ஒரு பூச்சியைப் பார்த்தார் ஆண்டர்சன். கோச்சினீலே கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் லண்டனிலிருந்த தாவர அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனாலும் கம்பெனிக்கு ஆசை வந்துவிட்டது. உண்மையான பூச்சி என்றைக்காவது வரும், அதற்குத் தீனி தயாராக இருக்கட்டும் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போடப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து நோபல் என்ற வகைக் கள்ளி வரவழைக்கப்பட்டது. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெரி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

கள்ளி நன்றாகவே வளர்ந்தது. மாடு இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, பால் வாங்க ஆள் இல்லை என்பார்களே, அதைவிட மோசம். இங்கே கொட்டகையும் தீவனமும் இருந்தன, மாடே இல்லை.

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியோடு கள்ளியைக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. வந்தது மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த பெரிய பூச்சி அல்ல, காட்டுப் பூச்சி. உருவத்தில் சிறியது, பஞ்சு அதிகம், சாயம் குறைவு. லண்டன் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. நல்ல இனத்தைக் கொண்டுவருபவருக்குக் கம்பெனி 2,000 பவுண்டு பரிசு அறிவித்தும் பயன் இல்லை. கன்றும் விதையும் எங்கிருந்து வந்தன, என்ன இனம் என்று கேட்காமல் வாங்கி நட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

பூச்சி கைவிட்டாலும் ஆண்டர்சன் கள்ளியைக் கைவிடவில்லை. நெடுங்கடல் பயணத்தில் பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கிச் சாகும் மாலுமிகளுக்குக் கள்ளி மடல் உதவும் என்று எடுத்துச்சொல்லிக் கப்பல்களுக்குக் கொடுக்கவைத்தார். பட்டுக்காக மல்பெரிக் கன்றுகளையும் ஊர் ஊராக அனுப்பினார். அந்த முயற்சி சில ஆண்டுகளில் நின்றுபோனது. மொரீஷியஸ் பக்கத்துப் பருத்தி விதையைத் தருவித்துத் தமிழ் மாவட்டங்களுக்குக் கொடுத்தார். அதற்குக் கொஞ்சம் ஆயுள் இருந்தது. என் கணக்கில், அவருடைய யோசனைகளில் விவசாயிக்கு அதிகம் உதவியது இந்தப் பருத்திதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவர் கண்ணெதிரே இன்னொரு சிவப்பும் இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றிய பருத்தித் துணிகளின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் இம்பூரல் என்று சொல்லும் சிறு செடியின் வேர் அது. கிழக்குக் கடற்கரை மணலில் தானாக முளைக்கும். விதைத்தும் வளர்த்தார்கள், வேர் தேற இரண்டு ஆண்டு ஆகும். கம்பளிக்குக் கோச்சினீல், பருத்திக்குச் சாயவேர் என்று இரண்டுக்கும் வேலை வேறு என்பதால் ஆண்டர்சனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுக்கு வாங்குபவர்கள் வாசலிலேயே நின்றார்கள், மற்றதற்கு லண்டன்வரை போக வேண்டியிருந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரசாயனச் சாயம் வந்து சாயவேரின் சந்தையையும் சாய்த்துவிட்டது.

ஆண்டர்சன் 1809-ல் சென்னையிலேயே இறந்தார். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் காலத்துக்குப் பிறகு சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவில் பெரும் களையானது. அவர் ஒருவரால் வந்தது அல்ல, வெவ்வேறு வழிகளில் பல வகைக் கள்ளிகள் வந்து வேலியாக நடப்பட்டுப் பரவின. அப்போதுதான் சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டுப் பூச்சிக்கு வேலை வந்தது. 1836 முதல் 1838 வரை அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. களையை அழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தியதில் உலகிலேயே முதல் வெற்றிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். வேறு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து அதன் இனத்துப் பூச்சி ஒன்று வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் 40,000 ஹெக்டேருக்கு மேல் கள்ளி ஒழிந்தது.

இன்றும் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம் போலச் சிவப்பு வரும்.