பின்னோக்கியும் நகரும் பொறி: அலன் டியூரிங் (1912 – 1954)

சரம் ஒன்றினுள் ஒரு வரியுருவை முதலிலிருந்து தேடுமாறு கேட்டால் நீங்கள் இலகுவாக விடை எழுதிவிடுகிறீர்கள். அதையே இறுதியிலிருந்து தேடுமாறு கேட்டால் பலர் தடுமாறுகிறீர்கள். முன்னும் பின்னும் நகர்ந்து வாசிக்கும் பொறியொன்றை 24 வயதிற்குள் கற்பனை செய்த ஒருவரின் வரலாற்றை அறிந்துகொண்டால் இத்தடுமாற்றம் நீங்கும். அவரே அலன் டியூரிங்.

இளமைப் பருவம்

அலன் மதிசன் டியூரிங் 23.06.1912 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஜூலியஸ், அப்போதைய சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணியில் இருந்தார். தாயார் ஈதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தையாரின் பணி இந்தியாவில் இருந்தமையால், அலன் தமது சிறுபராயத்தின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் கழித்தார்.

1926 ஆம் ஆண்டு அவர் ஷெர்போன் பாடசாலையில் சேரவிருந்த வேளையில் நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. புகையிரதங்கள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவனான அலன் சவுதம்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம் சைக்கிளில் சென்று பாடசாலையை அடைந்தார். அங்கு கணிதமும் விஞ்ஞானமும் அவரைக் கவர்ந்தன. அதே ஆர்வமுடைய கிறிஸ்தோபர் மோர்கம் என்னும் மாணவன் அவருடைய நெருங்கிய நண்பனானான். 1930 பெப்ரவரியில் மோர்கம் காசநோயால் இறந்தமை அலனைப் பெரிதும் பாதித்தது. 1931 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த அவர், 1935 இல் 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார்.

கற்பனைப் பொறி

1936 இல் டியூரிங் எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு பொறி விவரிக்கப்பட்டிருந்தது. அது தாளில் மட்டுமே இருந்த பொறி. அதன் பகுதிகளைக் கவனியுங்கள்.

நீண்ட நாடா ஒன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு குறியீடு மாத்திரமே இருக்கலாம். வாசிக்கும் தலை ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டுமே பார்க்கும். அக்கட்டத்திலுள்ள குறியீட்டையும் பொறியின் அப்போதைய நிலையையும் கொண்டு, எழுதுவதா, அழிப்பதா, இடப்பக்கம் நகர்வதா, வலப்பக்கம் நகர்வதா என்பதை அறிவுறுத்தல் அட்டவணை தீர்மானிக்கும். இவ்வளவே. எனினும், படிமுறையாகச் செய்யக்கூடிய எக்கணிப்பையும் இத்தகைய பொறியாற் செய்யலாம் என்று டியூரிங் வாதிட்டார்.

இங்கு இடப்பக்க நகர்வு மிக முக்கியமானது. தலை வலப்பக்கம் மட்டுமே நகருமாயின், தான் எழுதியதைத் திரும்ப வாசிக்க அதனால் இயலாது. எழுதியதைப் பயன்படுத்த முடியாத பொறியின் ஆற்றல் மிகவும் குறுகிவிடும்.

சரத்தில் பின்னோக்கித் தேடல்

இப்போது அந்த நாடாவில் டியூரிங்கின் பிறந்த திகதி எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம்: 23.06.1912

இச்சரத்தில் 10 வரியுருக்கள் உள்ளன. புள்ளிகள் 3 ஆம் இடத்திலும் 6 ஆம் இடத்திலும் உள்ளன. ஆண்டை மட்டும் பிரித்தெடுக்க இறுதிப் புள்ளியின் இடம் தேவை. முதலிலிருந்து தேடினால் முதலில் கிடைப்பது 3. அது நமக்குப் பயன்படாது. தொடர்ந்து சென்று 6 ஆம் இடத்தைக் கண்டாலும், அதற்கப்பால் வேறு புள்ளி இல்லை என்பதை உறுதிசெய்ய 10 ஆம் இடம்வரை செல்லவேண்டும். ஆகவே ஒப்பீடுகள் 10.

இறுதியிலிருந்து வந்தால் 10, 9, 8, 7, 6 என 5 ஒப்பீடுகளில் வேலை முடிகிறது. புள்ளிக்கு அடுத்த 7 ஆம் இடத்திலிருந்து இறுதிவரை எடுத்தால் 1912 கிடைக்கும். பஸ்கால் மொழியில் இதற்கான மீள்செய்கையை எழுதும்போது ‘டூ’ என்பதற்குப் பதிலாக ‘டவுன்டூ’ பயன்படுத்தப்படும்.

போரும் மறைகுறியீடும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், 1939 செப்டெம்பர் 4 அன்று டியூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் மறைகுறியீடுகளை உடைக்கும் பணியில் இணைந்தார். ஜேர்மனியர் எனிக்மா பொறியினால் தம் செய்திகளை மறைத்து அனுப்பினர். போலந்துக் கணிதவியலாளர்கள் 1932 இலேயே எனிக்மாவை ஆராய்ந்து வெற்றி கண்டிருந்தனர். அவர்கள் 1939 யூலையில் வழங்கிய தகவல்கள் பிரித்தானியருக்குப் பேருதவியாயின.

செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்து, அது எவ்விடத்தில் பொருந்தும் எனப் பார்ப்பது அங்கு கையாளப்பட்ட ஒரு வழியாகும். வானிலையைக் குறிக்கும் ஜேர்மன் சொல் 6 எழுத்துக்களைக் கொண்டது. 20 எழுத்துக்கள் கொண்ட மறைசெய்தியில் அதை 20 – 6 + 1 = 15 இடங்களில் வைத்துப் பார்க்கலாம். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறுவதில்லை. ஆகவே ஊகச் சொல்லின் எழுத்தொன்று தனக்கு நேரேயுள்ள மறைசெய்தி எழுத்துடன் ஒத்துப்போனால், அவ்விடம் உடனே நீக்கப்படும். பொருந்தக்கூடிய இடத்தைக் கொண்டு, எனிக்மாச் சில்லுகளின் 17,576 நிலைகளையும் சோதிக்க ‘பொம்ப்’ என்னும் மின்பொறியை டியூரிங் வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். முதலாவது பொம்ப் 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. ஜேர்மன் கடற்படைச் செய்திகளை உடைத்த பிரிவுக்கும் டியூரிங்கே தலைமை தாங்கினார்.

இறுதிக் காலம்

போரின் பின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் கணினியொன்றை வடிவமைத்தார். 1948 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பொறிகளால் சிந்திக்க முடியுமா என்பதை ஆராயும் கட்டுரையை 1950 இல் வெளியிட்டார். 1951 இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

ஆனால் 1952 இல், ஒருபாலுறவு கொண்டமைக்காக அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அக்காலப் பிரித்தானியச் சட்டப்படி அது குற்றமாகும். சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஓமோன் சிகிச்சைக்கு உட்படவேண்டியதாயிற்று. இரகசியப் பணிகளில் ஈடுபடும் அனுமதியும் பறிக்கப்பட்டது. போரில் அவர் ஆற்றிய சேவை இரகசியமாக இருந்தமையால், தண்டிக்கப்பட்டவர் யார் என்பதை நாட்டு மக்கள் அறிந்திருக்கவில்லை. 1954 யூன் 7 அன்று, 41 வயதில், சயனைட் நஞ்சினால் அவர் இறந்தார். அது தற்கொலை என மரண விசாரணையில் முடிவு செய்யப்பட்டது.

பிளெட்ச்லி பார்க் பற்றிய செய்திகள் 1970களிலேயே வெளிவரத் தொடங்கின. 2009 இல் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே சட்டங்களால் தண்டிக்கப்பட்ட ஏனையோருக்கும் வழிசெய்யும் சட்டம் 2017 இல் நிறைவேறியது. 2021 இல் அவரது உருவம் 50 பவுண் நாணயத்தாளில் வெளியாயிற்று.

மாணவர்களே, திரும்பிப் பார்த்தாலே சில தவறுகள் தெரியும். அவரது நாடு அவ்வாறு திரும்பிப் பார்க்க 50 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அதற்குள் டியூரிங் இல்லாமற் போய்விட்டார். நீங்கள் எழுதிய விடையைத் திரும்பிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதைத் தவறவிடாதீர்கள்.

நினைவிற் கொள்க

1. தேடல் இறுதியிலிருந்து நடந்தாலும் இடம் முதலிலிருந்தே எண்ணப்படும். மேலேயுள்ள உதாரணத்தில் விடை 6. 5 என எழுதுவது தவறு.
2. தேடுவது கிடைத்தவுடன் மீள்செய்கையை நிறுத்தவேண்டும்.
3. 1 ஆம் இடம்வரை வந்தும் கிடைக்காவிடின் விடையை 0 எனக் கொள்க.
4. சரத்தின் நீளம் n, தேடும் சொல்லின் நீளம் m எனின், பின்னோக்கிய தேடல் n – m + 1 ஆம் இடத்தில் தொடங்கும்.

பயிற்சி

(அ) 23.06.1912 என்னும் சரத்தில் 1 என்னும் வரியுருவை இறுதியிலிருந்து தேடினால் கிடைக்கும் இடம் யாது? ஒப்பீடுகள் எத்தனை?
(ஆ) அதே சரத்தில் 8 என்பதைத் தேடினால் விடை யாது? ஒப்பீடுகள் எத்தனை?
(இ) 12 வரியுருக்கள் கொண்ட சரத்தில் 4 வரியுருக்கள் கொண்ட சொல்லைப் பின்னோக்கித் தேடும்போது எவ்விடத்தில் தொடங்குவீர்?

விடைகள்: (அ) 9 ஆம் இடம், 2 ஒப்பீடுகள் (ஆ) 0, 10 ஒப்பீடுகள் (இ) 9 ஆம் இடம்