குளோட் பேர்னார்

வன்னிக் காடுகளிலே எட்டியையும் தேற்றாவையும் அறியாதார் அரியர். எட்டியின் வித்து கொடிய நஞ்சு. தேற்றாங்கொட்டையோ கலங்கிய நீரைத் தெளிவிப்பது. இவ்விரண்டும் ஓரினத்தன என்பர் தாவர நூலார். அவ்வினத்துக் கொடிகள் சில தென்னமெரிக்கக் காடுகளிலும் உள. அவற்றின் பட்டையை வேறு பூண்டுகளுடன் காய்ச்சி, அங்குள்ள பழங்குடியினர் அம்பு நுனியிற் பூசிவந்த நஞ்சே குராரே. எட்டி நஞ்சு தசைகளை முறுக்கி வலிப்பூட்டும். குராரேயோ அவற்றைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும். இதன் இயல்பை ஆராய்ந்து கண்ட பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

குளோட் பேர்னார் 1813ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சிற்றூரொன்றில், திராட்சை பயிரிடுவார் குடியிற் பிறந்தார். இளமையில் லியோன் நகர மருந்துக்கடையொன்றில் ஊழியம் புரிந்தார். நாடகாசிரியராகும் ஆசையுடன் பாரிசுக்குச் சென்ற அவரை, அவர் நாடகத்தைப் படித்த பேராசிரியர் ஒருவர் மருத்துவம் பயிலுமாறு நெறிப்படுத்தினார். பின்னர் மசாந்தி என்னும் உடலியலறிஞருக்கு உதவியாளரானார்.

தவளையின் பின்கால் ஒன்றுக்குச் செல்லும் குருதியை மட்டும் தடுத்து, அதன் உடலிலே குராரேயைச் செலுத்தினார். உடல் அசைவற்றது. ஆயினும் அசைவற்ற பகுதியின் தோலைக் கிள்ளியபோது, நஞ்சு சேராத அக்கால் துள்ளிற்று. ஆகவே உணர்ச்சி அழியவில்லை. தளர்ந்த தசையை நேரே மின்னால் தூண்டியபோது அதுவுஞ் சுருங்கிற்று. ஆகவே தசையும் கெடவில்லை. நரம்பின் ஏவல் தசையைச் சேரும் வழியையே குராரே அடைக்கின்றது என அவர் துணிந்தார்.

உயிர்களை அறுத்துச் செய்யும் சோதனைகளை வெறுத்த மனைவியார் அவரைப் பிரிந்தார். 1878இல் அவர் மறைந்தபோது பிரெஞ்சு அரசு அரச மரியாதையுடன் அடக்கஞ் செய்தது.

அக்காலத்தும் அதன் பின்னரும் வயிற்றுத் தசையைத் தளர்த்துதற்கு ஈதரை மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது; அதனால் உயிருக்கு இடரும் மிகுந்தது. 1942 சனவரி 23இல் மொன்றியல் நகரிலே கிரிபித்து, எனிட் யோன்சன் என்னும் மருத்துவர் இருவர் சத்திரசிகிச்சையிற் குராரேயைப் பயன்படுத்தினர். இன்று அதனிடத்தை அட்ராகியூரியம், ரொக்குரோனியம் முதலிய செயற்கை மருந்துகள் பெற்றுள்ளன. இவை தசையைத் தளர்த்துமேயன்றி நோவை நீக்கா, நினைவையும் மறைக்கா. மயக்க மருந்து குறையின், நோயாளி விழித்திருந்தும் விரலையேனும் அசைக்க மாட்டார். ஆதலின் மயக்க மருந்தும் செயற்கைச் சுவாசமும் இவற்றோடு சேர்தல் வேண்டும்.

அசையாதார் யாவரும் நோவற்றாரல்லர். தவளையின் கால் அன்று காட்டிய இவ்வுண்மையை, நம் கல்லூரியிலிருந்து மருத்துவராகச் செல்லும் மாணாக்கர் என்றும் மறவாதிருப்பாராக.