என்ன தொழில் என்று கேட்ட வைத்தியர்

மலருக்காக ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள. காட்டுமன்னார்கோயில்காரன் நாதமுனிகளைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நானோ ஊசி போட்டே காலம் தள்ளிய டாக்டர். அதனால் இத்தாலி வைத்தியர் பெர்னார்தினோ ரமஸ்ஸினியைப் பற்றிச் சொல்கிறேன்.

1633-ல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தவர். பார்மாவில் படித்து, மோதேனா நகரில் வைத்தியம் பார்த்து, 1682-ல் அங்கேயே பேராசிரியரானார். அவர் வீட்டு மலக்குழியில் ஒருநாள் ஒரு தொழிலாளி மாங்கு மாங்கென்று வேலை செய்துகொண்டிருந்தார். இவ்வளவு அவசரம் ஏன் என்று விசாரித்தார் இவர். குழிக்குள் நாலு மணிக்கு மேல் இருந்தால் கண் போய்விடுமாம். கிட்டே போய்ப் பார்த்தால் கண்கள் சிவந்து மங்கிக் கிடந்தன. வீட்டுக்குப் போய் இருட்டறையில் அடைந்து, வெந்நீரால் கண்ணைக் கழுவுவதுதான் மருந்து. பிறகு தெருவில் கவனித்தால், அதே வேலை பார்த்துப் பார்வை போனவர்கள் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

அதற்கப்புறம் மனுஷர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். மெருகுக்கு ஈயம் அரைத்த குயவருக்குக் கைநடுக்கம். முகம்பார்க்கும் கண்ணாடி செய்தவருக்குப் பாதரச நஞ்சு. மாவு ஆலைக்காரருக்கு இளைப்பு. இப்படி 40-க்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களை எழுதி 1700-ல் நூலாக்கினார். அதே ஆண்டு பாதுவா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. நோயாளியிடம் என்ன தொழில் என்றும் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொல்லிவைத்தார். 1713-ல் நூலை விரித்தெழுதி, மறு ஆண்டே காலமானார்.

அவர் கண்டதை எழுதினார். எண்ணிக் கணக்கு வைப்பது பின்னால் வந்தது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவில், ஈய நஞ்சும் பாதரச நஞ்சும் சேர்ந்த பட்டியல் இருந்தது. அந்நோயைக் கண்டால் நிர்வாகி மட்டுமல்ல, பார்த்த டாக்டரும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வயலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. வீராணம் பாசனத்தில் பிழைக்கும் நம்ம ஜனங்கள் பெரும்பாலோர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? அரிசி மில்லில் உமித்தூசி குடித்து இருமிய அம்மாவுக்கு, பேர், வயசு, ஊர், இருமல் என்று எழுதினேன். மில் என்று எழுதவில்லை. பூச்சிமருந்து அடித்து மயங்கி வந்தவருக்கும் மயக்கம் என்றுதான் போட்டேன்.

இப்போது வீட்டுத் திண்ணையில் நாலு பேரைப் பார்க்கிறேன். நோட்டில் தொழிலுக்கென்று ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். கடைசியாக எழுதியது: நடவு, கால்விரல் இடுக்கில் புண், மூன்று பேர்.