நாடு துரத்திய கிரெப்ஸும் பட்டினியின் கணக்கும்

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கிரெப்ஸ் வட்டம் மறக்காது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் ஓர் அகதி என்பது பலருக்குத் தெரியாது. சல்லியில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், அவருடைய கதையைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

ஹான்ஸ் கிரெப்ஸ் 1900 ஓகஸ்ட் 25 அன்று ஜேர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனும் மருத்துவம் படித்தார். 1932இல் கேர்ட் ஹென்செலைட்டுடன் சேர்ந்து, ஈரலில் யூரியா உருவாகும் வட்டத்தைக் கண்டறிந்தார். மறுவருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதற்காகவே அவருடைய வேலை பறிக்கப்பட்டது. அந்த வருடமே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் ஹொப்கின்ஸ் என்ற பேராசிரியர் தன் ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்தார்.

1935இல் ஷெஃபீல்டுக்கு மாறினார். உணவிலிருந்து உடல் சக்தி பெறும் வட்டத்தை 1937இல் அங்குதான் கண்டறிந்தார். அதைப் பற்றி எழுதியனுப்பிய கடிதத்தை நேச்சர் சஞ்சிகை ஏற்கவில்லை. வேறொரு சஞ்சிகையில் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கே 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்ட ஃபிரிட்ஸ் லிப்மனும் ஜேர்மனியில் பிறந்து வெளியேறிய யூதரே.

போரைக் கண்ட எங்களுக்கு நெருக்கமான வேலையை அவர் அதன் பிறகுதான் செய்தார். சாப்பாடு இல்லாத உடல், ஈரலில் சேர்த்துவைத்த சீனியை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்த்துவிடும். பிறகு கொழுப்பு கரையும். ஈரல் அதைக் கீற்றோன் பொருள்களாக மாற்றிக் குருதியில் விடும். மூளை அவற்றைக்கொண்டு தாக்குப்பிடிக்கும். இந்தப் பொருள்களைக் குருதியில் துல்லியமாக அளக்கும் முறையை, 1962இல் வில்லியம்சன், ஜேன் மெலன்பி ஆகியோருடன் கிரெப்ஸ் வெளியிட்டார். பற்றீரியாவில் இருந்து எடுத்த ஒரு நொதியம் அதற்கு உதவியது. அதே வேலையைச் செய்யும் நொதியம் எங்கள் உடலிலும் உண்டு. அதை ஆக்கும் மரபணுவின் பெயர் பிடிஎச்1; மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

நீரிழிவுக்காரரின் விரல்நுனிக் குருதியில் கீற்றோன் பார்க்கும் இன்றைய சிறு கருவியும் இவ்வகை நொதியத்தால்தான் இயங்குகிறது. இன்சுலின் கிடைக்காவிட்டால் கீற்றோன் அளவுமீறி ஏறி உயிரையே எடுக்கும். இடம்பெயர்வில் மருந்து தவறியவர்களை நினைத்தால் அந்த அளவீட்டின் பெறுமதி விளங்கும்.

நாள்கணக்காகக் கஞ்சியும் இல்லாமல் கிடந்து மீண்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கியது உடலின் இந்த ஏற்பாடு. ஆனால் கொழுப்பு இருக்கும்வரைதான் அது தாங்கும். மெலிந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. உணவுப் பாதையை மறிப்பவர்கள் முதலில் கொல்வது அந்தப் பிள்ளையைத்தான்.

ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வைக் கைவிடாத கிரெப்ஸ், 1981 நவம்பர் 22 அன்று ஒக்ஸ்போர்டில் காலமானார். வெறுங்கையோடு வந்த அகதிக்கு ஒருவர் ஓர் ஆய்வு மேசையைக் கொடுத்தார். அதனால் உலகம் பெற்றதை இன்றும் மாணவர்கள் வட்டமாக வரைகிறார்கள். அகதி முகாம்களில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியொரு மேசை வேண்டும்.